எந்திரத்திடம் சொன்ன சொல் எங்கே போகிறது?



மனத்தில் உள்ளதை யாரிடமாவது சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. அந்த ‘யாரிடமாவது’ என்பவர் உம்மாவாக இருப்பார், ராத்தாவாக இருப்பார், மாலை நேரத்தில் பின்வாசல் வழியாக வந்து உட்காரும் அடுத்த வீட்டுச் சாச்சியாகவும் இருப்பார். இன்று நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த இடத்தில் செல்போனுக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு வந்து அமர்ந்திருக்கிறது. 2022 நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பிறகு ஜெமினி வந்தது. மெட்டா ஏஐயோ, நாம் அன்றாடம் நலம் விசாரித்துக்கொள்ளும் வாட்ஸ்அப்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. தேடிப் போக வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கும் இதனுடன் இரண்டாண்டுப் பழக்கம் உண்டு. தேர்வு வினாத்தாள் தயாரிக்கவும் கடிதங்களைச் சீர்செய்யவும் அது உதவுகிறது. அதைப் பற்றி விரித்துரைக்க எதுவும் இல்லை. நான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புவது வேறு இரண்டு அனுபவங்கள். ஒன்று, மனக்கவலையை எந்திரத்திடம் சொன்ன ஒரு மாணவனைப் பற்றியது. மற்றொன்று, எங்கள் குடும்பத்து மூதாட்டி ஒருவரின் பேச்சை வீடியோவில் பதிந்து, அதற்கு சப்டைட்டில் சேர்த்த கதை. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டாரின் வாய்ச்சொல்லை எந்திரத்தின் கையில் கொடுக்கிறோமே, அது எங்கே போகிறது, போனது போனபடியே திரும்பி வருகிறதா என்னும் கேள்வி இரண்டிலும் என் முன் வந்து நின்றது.

வைசன்பாமின் செயலாளர்

எந்திரத்திடம் மனம் திறப்பது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் ‘எலிசா’ என்றொரு கணினி நிரலை உருவாக்கி 1966இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மனநல ஆலோசகர் பேசுவதைப் போல அது பேசும். உண்மையில் அதற்கு எதுவும் புரியாது. ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று தட்டினால், ‘உங்களுக்குக் கவலையாக இருப்பது ஏன்?’ என்பது போல நம் சொல்லையே திருப்பிப் போட்டுக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

அந்த நிரல் உருவானதைப் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே ஒரு நாள் அதனுடன் சில வரிகள் உரையாடிய பின்னர், ‘நீங்கள் சற்று வெளியே இருங்கள்’ என்று பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம். இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துக் கூறுவர். அதே பேராசிரியர் 1976இல் எழுதிய நூலில் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். எலிசாவுடன் மக்கள் நடத்தும் உரையாடல்களையெல்லாம் சேமித்துப் பிறகு படித்துப் பார்க்கலாமா என்று அவர் யோசனை சொன்னபோது, அது பிறர் அந்தரங்கத்தை உளவு பார்ப்பது என்று சுற்றியிருந்தோர் அவர்மீது பாய்ந்தனர். சிந்தித்துப் பாருங்கள். பொம்மை போன்றதொரு நிரலிடம் சொன்னதைக்கூடப் பிறர் படிக்கலாகாது என்னும் உணர்வு அன்றே மனிதருக்கு இருந்தது. இன்று நாம் பேசும் எந்திரங்களோ, உரையாடலைச் சேமித்து வைப்பதை வழக்கமாகவே கொண்டவை.

மாணவன் சொன்னது

இனி என் மாணவனைப் பற்றிக் கூறுகிறேன். அவனது ஒப்புதலைப் பெற்று, ஊரையும் சில விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன். மதரஸாவில் ஓதி முடித்துக் கல்லூரியில் சேர்ந்தவன், வயது இருபது. வாப்பாவின் கடை நொடித்துப்போன ஆண்டில் அவனுக்கு இரவில் உறக்கம் போயிற்று. நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், ஏதோ நேரப்போகிறது என்னும் அச்சம் விடியும் வரை விலகாது. வீட்டில் சொன்னால் ஏற்கெனவே நொந்திருக்கும் பெற்றோர் மேலும் நோவார்களே என்று எண்ணி, நான்கு மாதங்கள் இரவெல்லாம் சாட்ஜிபிடியிடம் எழுதியிருக்கிறான்.

‘என்னிடம் வந்திருக்கலாமே தம்பி?’ என்று பிற்பாடு கேட்டேன். ‘ஹஜ்ரத், இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது?’ என்றான். எனக்கு மறுமொழி இல்லை.

அவனுக்கு அது தீங்கு செய்தது என்று நான் கூறமாட்டேன். மூச்சை மெதுவாக இழுத்து விடும் பயிற்சியை அதுதான் சொல்லித் தந்தது. ‘இதற்கு மருத்துவம் உண்டு, ஒரு மருத்துவரைப் பாருங்கள்’ என்று பலமுறை எழுதியும் இருந்தது. இடர் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தம்பியும் அண்ணனும் ஒரே கணக்கைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். அண்ணனின் மடிக்கணினியில் அது திறந்தே கிடந்தது. இத்தகைய எந்திரங்கள் ஒவ்வோர் உரையாடலுக்கும் தாமாகவே ஒரு தலைப்பு இட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கும் என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ‘இரவு நேர அச்சம்’, ‘வாப்பாவிடம் எப்படிச் சொல்வது’ என்று தலைப்புகள் வரிசையாக நின்றன. அண்ணன் படித்தான். கேலி செய்யும் எண்ணத்தில் இரவு உணவின்போது இரண்டொரு வரிகளை உரக்கப் படித்தும் காட்டினான். உம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரத்திற்குள் செய்தி மாமி வீட்டை எட்டியது. ‘பையனுக்கு மூளைக் கோளாறாம்’ என்று உருமாறி, அவன் ராத்தாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் காதையும் சென்றடைந்தது. அவர்கள் வரவில்லை.

அந்தரங்கம் என்றதும் நாம் எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நிறுவனத்தைத்தான் எண்ணுகிறோம். ஒரே செல்போனை நால்வர் பயன்படுத்தும் நம் இல்லங்களில் அந்தரங்கம் முதலில் உடைவது உணவு விரிப்பின் மேல்தான்.

நிறுவனத்தின் பக்கமும் கவலைக்கு இடமில்லாமல் இல்லை. 2025 ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் ஒரு பேட்டியில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்குச் சட்டம் அளிக்கும் இரகசியப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் பேசுவதற்கு இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் ஓர் உத்தரவு இட்டிருந்தது. அதன்படி, பயன்படுத்துவோர் அழித்துவிட்ட உரையாடல்களைக்கூட அந்நிறுவனம் பாதுகாத்து வைக்க வேண்டியதாயிற்று. வழக்கமாக அழித்தவை 30 நாட்களுக்குள் நீங்கிவிடும். அந்த உத்தரவு செப்டம்பரில் முடிவுக்கு வந்தது என்றாலும், ‘அழித்துவிட்டேன்’ என்று நிம்மதியடைந்தவர்களின் சொற்கள் இடைப்பட்ட மாதங்களில் எங்கோ ஒரு பெட்டகத்தில் இருந்தன அல்லவா? அதே ஜூலை இறுதியில் இன்னொரு செய்தியும் வந்தது. நண்பருக்கு அனுப்புவதற்காக இணைப்பு உருவாக்கியபோது, ‘தேடலில் தெரியலாம்’ என்னும் கட்டத்தையும் தொட்டுவிட்ட பலரின் உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. நிறுவனம் அந்த வசதியை உடனே நீக்கிவிட்டது.

பின்லாந்து நாட்டில் நடந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. வாஸ்தாமோ என்னும் மனநல ஆலோசனை நிறுவனத்தின் கணினியிலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டன. 2020இல் திருடியவன் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டான். சிலரின் குறிப்புகளை இணையத்தில் வெளியிடவும் செய்தான். 2024இல் அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே பேசியவர்கள் எந்திரத்திடம் பேசவில்லை. பயிற்சி பெற்ற மனிதர்களிடம்தான் பேசினார்கள். ஆயினும் சொல் கணினியில் ஏறிய பின்னர் அதற்கு இந்த ஆபத்து உண்டு.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்போர்மீது சுமத்துகிறது. செல்போனில் பேசும் எந்திரம் மருத்துவர் அன்று. அந்தக் கடமை அதன் தோளில் ஏறுவதில்லை. இதைச் சொன்னபோது என் மாணவன் வியப்படைந்தான். மருத்துவரிடம் போனால்தான் ஊருக்குத் தெரிந்துவிடும், எந்திரத்திடம் சொன்னால் யாருக்கும் தெரியாது என்றே அவன் எண்ணியிருந்தான். நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணுவதும் அதுவே.

2015–16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டு வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. பெரும்பாலான குறைகளில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் குறையாமல் சிகிச்சை இன்றியே இருந்தார்கள். இந்த நிலையில், ‘எந்திரத்தைத் தொடாதே’ என்று மட்டும் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேறு கதவைக் காட்டாமல் இருக்கும் கதவைச் சாத்துவது எப்படி?

எனவே அவனிடம் நான் கூறியவை இவை. உன் பெயரில் தனிக் கணக்கு வைத்துக்கொள். கடவுச்சொல்லை அண்ணனுக்குக் கொடுக்காதே. பெயர், ஊர், வீட்டார் விவரம் எதையும் எழுதாதே. சாட்ஜிபிடியில் ‘தற்காலிக உரையாடல்’ என்றொரு வசதி உண்டு. அதில் பேசுவது பட்டியலில் நிற்காது, எந்திரத்தைப் பயிற்றவும் பயன்படாது. ஆனாலும் 30 நாட்கள் வரை நிறுவனத்திடம் இருக்கக்கூடும் என்பதை மறவாதே. இரவு இரண்டு மணிக்கும் மனிதக் குரல் வேண்டுமென்றால் 14416 என்னும் எண்ணுக்குப் பேசு. ‘டெலி-மனஸ்’ என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய கட்டணமில்லாச் சேவை அது, நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

அவன் முதலில் அந்த எண்ணுக்குத்தான் பேசினான். பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நான் உடன் சென்றேன். மருந்து ஆறு மாதங்கள் நடந்தது. இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். ராத்தாவுக்கு வேறு இடத்தில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அதைச் சரிசெய்யும் எந்திரம் எதையும் நான் அறியேன்.

மாமியின் வீடியோக்கள்

இப்போது இரண்டாவது அனுபவத்திற்கு வருவோம். இது சற்றே இனிமையானது.

என் வாப்பாவின் மூத்த சகோதரி இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வாழ்பவர், எண்பதைத் தாண்டியவர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது அவர் புதிதாக மணமானவர். அந்த இரவைப் பற்றி அவர் சொல்லக் கேட்க வேண்டும். அவருடைய பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். மலாயும் ஆங்கிலமும் வரும், தமிழ் அரைகுறை. குடும்பத்தில் செவித்திறன் குறைந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் இருக்கிறாள். மாமியின் பேச்சைப் பதிந்து வைத்தால் போதாது, தமிழிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் வேண்டும் என்று முடிவாயிற்று. மொத்தம் ஏழு பதிவுகள்.

என் மச்சானின் மகன் கணினி படித்தவன். ‘இணையத்தில் இலவசமாகச் செய்து தரும் இடங்கள் உண்டு மாமா, ஏற்றிவிட்டால் போதும்’ என்றான். மாணவனின் கதையை அறிந்திருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு வழியையும் அவனே சொன்னான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் ‘விஸ்பர்’ என்னும் நிரலை யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அதை நம் கணினியிலேயே இறக்கி வைத்து ஓட்டலாம். பேச்சு வீட்டை விட்டு வெளியேறாது. அப்படியே செய்தோம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் ஓட்டினோம். மடிக்கணினி சூடேறி, மின்விசிறி இரைந்து, அரைமணி நேரப் பேச்சுக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். போகட்டும்.

பேச்சு எழுத்தாகி வந்தபோது வீடே கூடிச் சிரித்தது. ‘வேதாளையில பொண்ணு எடுத்தோம்’ என்று மாமி சொன்னதை அது ‘வேதாளம்’ ஆக்கியிருந்தது. வேதாளை, மண்டபத்திற்கு அருகே நம்மவர்கள் வாழும் ஊர். ‘பள்ளியில தொழுதுட்டு வந்தாக’ என்பது ஆங்கிலத்தில் பள்ளிக்கூடம் ஆயிற்று. ராத்தா ‘ராதா’ ஆனார். ‘மையத்து’ என்று நாம் சொல்லும் பிரேதம், ஊரின் நடுப்பகுதி ஆயிற்று. ‘உம்மா’ என்ற இடமெல்லாம் ஆங்கிலத்தில் முத்தமாக வந்து விழுந்ததைப் பார்த்து மாமியே வாயைப் பொத்திக்கொண்டார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விஸ்பரைப் பயிற்ற 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகள் பயன்பட்டன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மீதியை ஏறக்குறைய நூறு மொழிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதில் தமிழுக்குக் கிடைத்தது எவ்வளவாக இருக்கும்? தமிழிலும் கடற்கரை முஸ்லிம் மூதாட்டியின் பேச்சுத் தமிழுக்குக் கிடைத்தது எவ்வளவாக இருக்கும்? ழகர ளகர வேறுபாடு காதில் விழாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லாமல் ஓடும் பேச்சு நம்முடையது. இலக்கணம் படித்த எனக்கே இரண்டு இடங்களில் மாமியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

சிரிக்க முடியாத பிழை ஒன்றும் நேர்ந்தது. மூன்றாம் பதிவில் மாமி தம் கணவர் மவுத்தான நாளைச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிடுகிறார். பாதி நிமிடத்திற்கு மேல் பேச்சில்லை. எந்திரம் அந்த மௌனத்தில் ஒரு வரியைத் தானாக எழுதியிருந்தது: ‘பார்த்தமைக்கு நன்றி.’ இதைக் கண்டுபிடித்தவள் அந்தச் சிறுமிதான். திருத்தத்திற்கு முன்பே எங்களுடன் உட்கார்ந்து பார்த்தவள், படத்தை நிறுத்தச் சொல்லி, ‘மாமியின் உதடு அசையவே இல்லையே, வரி எப்படி வந்தது?’ என்று கைகளால் கேட்டாள்.

இணையத்திலுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பயின்ற நிரல் அது. பேச்சு ஓய்ந்த இடத்தில் ‘நன்றி’ என்று எழுதுவது அங்கே தொற்றிய பழக்கம். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விஸ்பர் எழுத்தாக்கிய ஒலித்துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றில் யாரும் பேசாத சொற்றொடர்கள் நுழைந்திருப்பதைக் காட்டியது. பேச்சுத் தடையால் நீண்ட இடைவெளி விட்டுப் பேசுவோரின் பதிவுகளில் அது கூடுதலாக இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று எண்ணாதீர்கள். அதே நிரலை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் அமெரிக்க மருத்துவமனைகளில் மருத்துவரும் நோயாளியும் பேசுவதை எழுத்தாக்கவும் பயன்படுவதாக அவ்வாண்டு அக்டோபரில் செய்தி வந்தது. முடிவுகள் எடுக்கும் முக்கியமான இடங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று வெளியிட்ட நிறுவனமே எச்சரித்திருந்தும் இந்நிலை. என் மாணவன் மருத்துவர்முன் மூச்சுத் திணறி மௌனமாக இருந்த நேரங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த மௌனத்தில் ஓர் எந்திரம் என்ன எழுதியிருக்கும்?

ஏழு பதிவுகளையும் வரி வரியாகத் திருத்த ஒரு ரமலான் விடுமுறை முழுவதும் ஆயிற்று. திரையில் இரண்டு வரிக்கு மேல் போகலாகாது. கண் படித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். மாமியின் வழக்குச் சொல்லை நூல் தமிழாக மாற்றலாகாது. ‘தொழுதுட்டு வந்தாக’ என்றால் அப்படியேதான். கடைசி விதியை வகுத்தவர் மாமி.

நான்காம் பதிவில் ஒரு சிக்கல் எழுந்தது. தம் தங்கை மணமாகி நாற்பது நாளில் திரும்பி வந்த காரணத்தை மாமி அதில் விரிவாகச் சொல்லிவிட்டார். தங்கை இன்று இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே தெருவில் இருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்த மாமி, ‘இது அவ என்கிட்டச் சொன்னது. நான் ஊருக்குச் சொல்லக் கூடாது. எடுத்திரு வாப்பா’ என்றார். இணையத்தில் எங்காவது ஏற்றியிருந்தால் ‘எடுத்துவிட்டோம்’ என்று அவருக்கு உறுதி சொல்லியிருக்க முடியாது. எங்கள் கணினியிலிருந்து அந்தப் பதினோரு நிமிடங்களை அவர் கண்முன்பே நீக்கினோம். எழுத்துக் கோப்பையும் நீக்கினோம்.

மூன்றாம் பதிவின் மௌனத்தில் என்ன எழுதுவது என்பதில் வீட்டில் வாதம் நடந்தது. வெறுமையாக விடலாம் என்றான் மச்சான் மகன். வெறுமையாக விட்டால் வரி விட்டுப்போனதோ என்று தான் தேடுவேன் என்றாள் சிறுமி. அவளே எழுதிக் கொடுத்ததைச் சேர்த்தோம். கோலாலம்பூருக்குச் சென்ற வீடியோவில் அந்த இடம் வரும்போது, ‘மாமி பேசவில்லை’ என்னும் வரி பாதி நிமிடம் அப்படியே நிற்கிறது.